கீழே விழுந்தவரும் வாயடைத்துப் போனவரும்: ஒரு ஸ்பானிஷ் கட்டுரை வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, கலிஃபோர்னியாவின் சான் ஹோவாக்கின் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கல்லூரியில் நடந்தது இது. ஆரஞ்சும் திராட்சையும் பாதாமும் விளையும் பகுதி. தோட்ட வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தினர். கல்லூரியின் ஸ்பானிஷ் கட்டுரை வகுப்பில் பாதிக்கு மேல் அவர்களுடைய பிள்ளைகள்தாம். மற்றவர்கள், பள்ளியில் அயல்மொழிப் பாடமாக ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தவர்கள்.

நான் அங்கே எழுத்து உதவி மையத்தில் பயிற்றுநராக இருந்தேன். ஆசிரியை கேட்டுக்கொண்டதால் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பிலும் உட்கார்ந்தேன். ஸ்பானிஷ் எனக்கு இருபத்தைந்து வயதுக்குப் பிறகு புத்தகம் வழியாக வந்த மொழி. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் வரும் ஒரு தவறுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் கல்வித்துறையினர் மரபுமொழியினர் என்று குறிப்பிடுகிறார்கள். ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் வீட்டில் வளர்ந்து, அந்த மொழியைப் பேசவோ குறைந்தது புரிந்துகொள்ளவோ தெரிந்து, ஓரளவேனும் இருமொழியாளராக இருப்பவர் என்பது குவாடலூப்பே வால்டெஸ் தந்த விளக்கம். பள்ளி அந்த விளக்கத்தில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மொழி காதில் இருக்கும், நாவில் இருக்கும். கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த எழுத்துப் பழக்கம் இல்லாமல் போனதற்கு ஒரு சட்டமும் காரணம். 1998-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 227-ஆம் முன்மொழிவு, பொதுப்பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கியது. 2016-இல் 58-ஆம் முன்மொழிவு அதை விலக்கியது. 2018-இல் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளின் பள்ளிப் பருவம் ஏறக்குறைய முழுதும் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் கழிந்திருந்தது.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். ஸ்பானிஷ் வாசிக்க எளிது. எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். ஒலியைக் கேட்டு எழுதுவதுதான் சிக்கல். பி, வி இரண்டுக்கும் ஒரே ஒலி. ஹெச் ஒலிப்பதே இல்லை. லத்தீன் அமெரிக்கப் பேச்சில் எஸ், இசட், சில இடங்களில் சி ஆகிய மூன்றும் ஒன்று. இரட்டை எல், ஒய் இரண்டும் பெரும்பாலானோர் நாவில் ஒன்று. பலம், பழம், பள்ளம் எல்லாவற்றையும் ஒரே லகரத்தில் பேசி வளர்ந்த பிள்ளை தமிழ்க் கட்டுரை எழுத உட்காரும்போது படும் பாட்டை நினைத்துக்கொண்டால் போதும். இவற்றுக்கு மேல் அழுத்தக்குறி வேறு. உயிரெழுத்தின் தலையில் விழும் ஒரு சிறு கோடு 'நான் பேசுகிறேன்' என்பதை 'அவர் பேசினார்' என்று மாற்றிவிடும்; 'உருளைக்கிழங்கு' அப்பாவாகிவிடும்.

முதல் வாரம்: இரண்டு கட்டுரைகள்

வகுப்பில் 22 பேர். அவர்களில் 13 பேர் மரபுமொழியினர். இந்த ஆய்வு முக்கியமாக இருவரைப் பின்தொடர்கிறது. மூன்றாமவர் ஒருவர் நடுவில் வருவார்.

மாணவிக்கு 19 வயது, நர்ஸிங் படிப்பவர். பெற்றோர் மிச்சோவகான் மாநிலத்தவர்கள். எட்டு வயதிலிருந்தே தாய்க்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்தவர். ஸ்பானிஷில் அவர் எழுதியதெல்லாம் கைப்பேசிச் செய்திகள் மட்டும்.

இளைஞருக்கு 21 வயது. வீட்டில் ஆங்கிலம். உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டு ஸ்பானிஷ், பிறகு ஸ்பெயினின் சலமான்கா நகரில் ஒரு பருவம்.

முதல் நாள் நாற்பது நிமிடத்தில், கையால், குடும்ப நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னோம். மாணவி 312 சொற்கள் எழுதியிருந்தார். அவருடைய தாத்தா ஆரஞ்சுத் தோட்டத்தில் ஏணியிலிருந்து விழுந்த நாள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு நிழலில் உட்காரச் சொன்னது, சாயங்காலம் வரை யாரும் வண்டி எடுக்காதது, வீட்டுக்கு வந்தவுடன் பாட்டி முதலில் சட்டையில் இருந்த இலைகளைத் தட்டியது. நான் எண்ணிய பிழைகள் 41. அதில் விடுபட்ட அழுத்தக்குறிகள் 23, எழுத்து மாறியவை 12, சொற்களைத் தவறாகச் சேர்த்தோ பிரித்தோ எழுதியவை 4. இலக்கணப் பிழை என்று சொல்லத்தக்கவை இரண்டே.

எழுத்து மாறியவற்றில் ஒன்று கட்டுரையின் உச்சமான வாக்கியத்தில் இருந்தது. 'விழுந்தார்' என்பதற்கு ஸ்பானிஷில் 'சே கயோ'. ஒய் எழுத வேண்டிய இடத்தில் மாணவி இரட்டை எல் போட்டிருந்தார். அப்படி எழுதினால் ஒலி அதேதான், பொருள் 'வாயடைத்துப் போனார்'. ஏணியின் உச்சியிலிருந்து தாத்தா வாயடைத்துப் போனார். ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி இட்டேன். அந்தக் கேள்விக்குறிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இளைஞர் எழுதியது 158 சொற்கள், 14 பிழைகள். அழுத்தக்குறி ஒன்றுகூடத் தவறவில்லை. பெயர்ச்சொல்லின் பாலும் பெயரடையும் ஒட்டாத இடங்கள் ஆறு, காலம் தவறிய வினைகள் ஐந்து, முன்னிடைச்சொல் மூன்று. பொருள் என்று பார்த்தால்: தாத்தாவோடு ஏரிக்குப் போனார், மீன் பிடித்தார், மகிழ்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் எழுவாயில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடிந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.

துறையின் மதிப்பீட்டுப் பட்டியலில் நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் எழுத்துப்பிழை, குறியீடு, இலக்கணத்துக்கு. இளைஞருக்கு 81 வந்தது, மாணவிக்கு 58. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆசிரியை, 'எதை இரண்டாம் முறை வாசிப்பாய்?' என்று என்னைக் கேட்டார். பதில் தெரிந்திருந்தும், பட்டியலை நாங்கள் மாற்றவில்லை.

முதல் முடிவு: ஒரே மேசையில் இருவர்

இரண்டாம் வாரம், ஒரு மரபுமொழி மாணவரையும் ஒரு அயல்மொழி மாணவரையும் இணைத்து ஜோடிகள் அமைத்தோம். காரணம் இல்லாமல் இல்லை. பெயர்ச்சொல் பாலினம் பற்றிச் சில்வினா மோன்ட்ருலும் உடன் பணியாற்றியவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வாய்மொழிப் பணிகளில் மரபுமொழியினரும் எழுத்துவழிப் பணிகளில் அயல்மொழியாகக் கற்றவர்களும் மேலாகச் செய்தது தெரியவந்தது. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. சேர்த்து உட்கார வைத்தால் பண்டமாற்று நடக்கும் என்று நினைத்தோம்.

ஜோடிக்கு நாங்கள் கொடுத்த வேலை: தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள், பிழைகளைக் குறியுங்கள், பேசித் திருத்துங்கள். இந்த அறிவுறுத்தலை எழுதியது நான். ஸ்பானிஷை விதிகளாகக் கற்றவனுக்கு, திருத்துவது என்றால் விதி மீறலைக் கண்டுபிடிப்பது என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் 41 பிழை உள்ள தாளும் 14 பிழை உள்ள தாளும் கை மாறும்போது, யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது முதல் நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. சந்தை திறந்தோம்; ஒருவருடைய சரக்குக்கு மட்டுமே விலை எழுதி வைத்திருந்தோம்.

மூன்றாம், நான்காம் வாரங்களில் கண்டவை

இளைஞர் நல்லவர், பணிவானவர், பொறுமையானவர். அதனால்தான் இது நீண்ட நேரம் எங்கள் கண்ணில் படவில்லை. விடுபட்ட அழுத்தக்குறிகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டு விதியைச் சொன்னார். 'உயிரெழுத்திலோ என், எஸ் எழுத்துகளிலோ முடியும் சொல்லில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் வரும். அப்படி வராவிட்டால் குறி போட வேண்டும்.' மாணவி தலையாட்டினார். அடுத்த தாளில் குறிகள் வந்தன, தேவையில்லாத இடங்களிலும். பெய்த மழைபோல் எங்கும் கோடுகள்.

நான்காம் வாரம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவியின் இரண்டாவது கட்டுரை அப்பாவைப் பற்றியது. அதிகாலை நான்கு மணிக்கு அவர் தன் 'த்ரோக்கா'வைக் கிளப்பும் சத்தம். அமெரிக்க ஸ்பானிஷில், வடக்கு மெக்சிகோவிலும்கூட, பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர். ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சலமான்காவில் அப்படி யாரும் சொல்வதில்லை. இளைஞர் அதை அடித்துவிட்டு 'கமியோன்' என்று எழுதினார். ஸ்பெயினில் அது லாரி. மெக்சிகோக்காரர்கள் அன்றாடப் பேச்சில் அந்தச் சொல்லைப் பஸ்ஸுக்குச் சொல்வார்கள். மாணவி திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு படி எடுத்துக் கொடுத்தார். அப்பா இப்போது அதிகாலையில் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

'உன் அப்பா பஸ் ஓட்டுகிறாரா?' என்று ஆசிரியை கேட்டார்.

'இல்லை. ஆனால் அதுதான் சரியான சொல் என்றார்கள்.'

அந்தக் கட்டுரை 180 சொற்களில் முடிந்திருந்தது. முதல் நாள் 312. கலந்துரையாடலிலும் அவர் குரல் கேட்பது நின்றிருந்தது. தவறாக எழுதிய அந்த வினைச்சொல் இப்போது அவருக்கே பொருந்தியது.

இதே வாரம் இன்னொரு ஜோடியில் அதைவிட மோசமாக நடந்தது. எல் சல்வடோர் குடும்பத்தைச் சேர்ந்த மரபுமொழி மாணவர் ஒருவர், தன் தாயின் பேச்சை மேற்கோளாக எழுதியிருந்தார். அந்த நாட்டில் நெருங்கியவர்களை அழைக்கும் முன்னிலைச் சொல் 'வோஸ்', வினைமுடிவும் அதற்கு ஏற்ப வேறு. பாடப்புத்தகத்தில் இருப்பது 'தூ'. ஜோடியில் இருந்தவர் தாயின் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு 'வோஸ்'ஸையும் அடித்து 'தூ' ஆக்கியிருந்தார். ஐந்தாம் வாரம் அந்த மாணவர் வகுப்பிலிருந்து விலகினார். காரணம் எழுதவில்லை. பருவத் தொடக்கத்தில் நிரப்பிய படிவத்தில், ஏன் இந்த வகுப்பு என்ற கேள்விக்கு அவர் எழுதியிருந்த பதிலை அப்போதுதான் எடுத்துப் பார்த்தோம்: 'வீட்டில் நாங்கள் தப்பாகப் பேசுகிறோம்.'

இரண்டாம் முடிவு: ஐந்தாம் வாரம் மாற்றியவை

ஜோடிகளைக் கலைக்கவா, வைத்துக்கொள்ளவா என்று ஆசிரியையும் நானும் நீண்ட நேரம் வாதிட்டோம். கலைத்துவிடலாம் என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை: 'ஜோடி தவறல்ல, கொடுத்த வேலைதான் தவறு.' அவர் சொன்னதே நடந்தது, சரியாகவும் இருந்தது.

முதல் மாற்றம், பிழை குறிப்பதைத் தடை செய்தோம். எழுதியவர் தன் கட்டுரையை உரக்க வாசிப்பார். கேட்பவர் தாளைப் பார்க்கக்கூடாது. புரியாததை அல்லது மேலும் தெரிய விரும்புவதைக் கேள்வியாக மட்டும் கேட்கலாம். எழுத்துப்பிழை காதுக்குத் தெரியாது. காலம் தவறிய வினை உடனே தெரியும்.

இளைஞர் தன் ஏரிக் கட்டுரையின் திருத்திய வடிவத்தை வாசித்தபோது மாணவி நிறுத்தினார். 'ஒரே ஒரு தடவைதான் போனீர்களா?' இளைஞர் விழித்தார். ஒவ்வொரு கோடையும் போனதைத்தான் அவர் எழுத நினைத்தது. போட்டிருந்த வினை 'ஃபுய்மோஸ்', நடந்து முடிந்த ஒரு போக்கு. வழக்கமாகப் போனதற்கு 'ஈபாமோஸ்' வேண்டும். தமிழில் 'சின்ன வயதில் ஏரிக்குப் போனோம்' என்பதற்கும் 'ஏரிக்குப் போவோம்' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. விதி என்ன என்று இளைஞர் கேட்டார். மாணவிக்கு விதி தெரியாது. 'நீங்கள் சொல்வது போலச் சொன்னால் கதை உடனே முடிந்துவிடுகிறது. நான் சொல்வது போலச் சொன்னால் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றும்.' நான்கு வாரமாக அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த இரண்டு காலங்களுக்கு இவ்வளவு நல்ல விளக்கத்தை நான் வாசித்ததில்லை.

இரண்டாவது, எழுத்துப்பிழைக்குத் தனி நேரம் ஒதுக்கினோம், மரபுமொழி மாணவர்களுக்கு மட்டும், வாரம் இருபது நிமிடம். பொது விதிகளைக் கைவிட்டு, ஒவ்வொருவரும் தாம் அடிக்கடி எழுதும் சொற்களில் தவறுபவை இருபதைப் பட்டியலிட்டார்கள். ஒரு சொல்லில் வருவது பி-யா, வி-யா என்று கேட்க மெக்சிகோ வீடுகளில் ஒரு வழக்கு உண்டு: 'கழுதையின் பி-யா, பசுவின் வி-யா?' ஸ்பானிஷில் கழுதைக்கான சொல் பி-யிலும் பசுவுக்கான சொல் வி-யிலும் தொடங்கும். அதுவே எங்கள் வகுப்பு மொழியாயிற்று. அழுத்தக்குறிக்கு வேறு வழி. எந்த அசையில் அழுத்தம் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சரியாக ஒலிக்கிறார்கள், ஆனால் அது அவர்கள் காதுக்குக் காற்றுபோல ஆகிவிட்டது. தெருமுனையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல அந்தச் சொல்லைக் கூவச் சொன்னோம். நீளும் அசைதான் அழுத்தமான அசை. பக்கத்து வகுப்பிலிருந்து ஒருமுறை புகார் வந்தது.

மூன்றாவது, வட்டார வழக்கையும் பிழையையும் பிரித்தோம். 'த்ரோக்கா', 'வோஸ்', நாட்டுப்புற வினைவடிவமான 'அய்கா' போன்றவை எழுத்துப்பிழைக் கணக்கில் வராது. அவை எங்கே பொருந்தும், வேலைக்கான விண்ணப்பத்தில் அதற்குப் பதில் எது வரும் என்பது மட்டும் பேசப்பட்டது. 'அய்கா'வைப் பற்றி வகுப்பில் கருத்து வேறுபாடு நீடித்தது. அது பேச்சில் நெடுங்காலமாக இருப்பது உண்மை. அதை எழுதுபவரைப் படிக்காதவர் என்று பலர் முடிவுகட்டுவதும் உண்மை. மாணவர்களிடம் இரண்டையும் சொன்னோம்.

நான்காவது, மதிப்பீட்டுப் பட்டியல். துறையின் அனுமதி கிடைக்க ஏழாம் வாரம் ஆயிற்று. நாற்பது மதிப்பெண் இருபதானது, அதிலும் முதல் வரைவுக்கு எதுவும் குறைக்கப்படாது.

தொடர்ந்து நடந்தது

எட்டாம் வாரத்துக்குப் பிறகு மாணவியின் கட்டுரைகள் மறுபடி நீண்டன. இறுதிக் கட்டுரை, வீட்டில் வரைந்து மூன்று முறை திருத்தியது, 640 சொற்கள், 27 பிழைகள். துறைக் கூட்டத்தில் இதை வெற்றியாகக் காட்டினேன். அவசரப்பட்டேன். கணினியின் பிழைதிருத்தி அதில் பாதி வேலையைச் செய்திருந்தது. டிசம்பரில் வகுப்பிலேயே கையால் எழுதிய தேர்வில், 340 சொற்களில் எழுத்து மாறியவை 4 மட்டும். ஆனால் விடுபட்ட அழுத்தக்குறிகள் 17. இருபது சொற்பட்டியல் வேலை செய்திருக்கிறது. கூவுவது, கூவ முடியாத தேர்வறையில், அவ்வளவாக உதவவில்லை.

இளைஞரின் இறுதிக் கட்டுரை 430 சொற்கள், 26 பிழைகள். நூறு சொற்களுக்குக் கணக்கிட்டால் ஒன்பதிலிருந்து ஆறு, பெரிய சரிவல்ல. ஆனால் பிழைகளின் தன்மை மாறியிருந்தது. ஆகஸ்டில் அவர் முயலவே முயலாத நீண்ட வாக்கியங்கள், 'தாத்தா வந்திருந்தால்', 'அவர் கேட்டுக்கொண்டதால்' என்று ஒன்றோடொன்று கோத்தவை, அங்கேதான் புதுப் பிழைகள். கடந்த காலங்கள் இரண்டும் பெரும்பாலும் இடமறிந்து வந்தன. பாலினப் பொருத்தம் கடைசிவரை சரியாகவில்லை.

மாணவியின் இறுதிக் கட்டுரையில் தாத்தா மறுபடி வந்தார். இம்முறை ஒய் போட்டு விழுந்தார், அழுத்தக்குறியுடன். அடுத்த பத்தியில், மேஸ்திரி நிழலில் உட்காரச் சொன்னபோது, இரட்டை எல் போட்டு அவர் வாயடைத்துப் போனார். இரண்டு சொற்களையும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைத்தாரா என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

மறுபடி நடத்தினால்

முதல் வாரத்தில் பிழை எண்ணமாட்டேன். முதலில் வாய்மொழியாக ஒரு கதை, பிறகு எழுத்தில் அதே கதை. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த மாணவருக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். எங்கள் தொடக்கச் சோதனை எழுத்துக்கூட்டலை அளந்துவிட்டு, அதற்கு எழுத்துத்திறன் என்று பெயர் வைத்திருந்தது.

படிவங்களை முதல் நாளே வாசிப்பேன். 'வீட்டில் தப்பாகப் பேசுகிறோம்' என்று எழுதிய ஒருவரை, அவருடைய தாயின் பேச்சைத் திருத்தும் மேசையில் உட்கார வைத்தோம். ஜோடி வேலை ஆறாம் வாரத்துக்கு முன் வேண்டாம். அதுவரை மரபுமொழியினர் தமக்குள்ளேயே வாசிக்கட்டும். ஆசிரியை இதை இன்னும் ஏற்கவில்லை. சரியான வேலை கொடுத்தால் முதல் வாரமே போதும் என்கிறார்.

அழுத்தக்குறிக்கு ஒரு பருவம் போதாது என்பதை ஆரம்பத்திலேயே மாணவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். டிசம்பர் தேர்வுத் தாளைத் திரும்ப வாங்கும்போது மாணவியின் முகம் முதல் வாரத்தில் இருந்தது போலவே இருந்தது.

2019 வசந்தப் பருவத்துக்கு மூன்று பரிந்துரைகளைத் துறைக்கு எழுதிக் கொடுத்தோம். புதிய மதிப்பீட்டுப் பட்டியலையும் வாய்மொழித் தொடக்கச் சோதனையையும் ஏற்றுக்கொண்டார்கள். மரபுமொழி மாணவர்களுக்குத் தனி எழுத்து வகுப்பு என்ற மூன்றாவதை, போதிய பதிவுகள் சேரும் என்று உறுதி கொடுக்க முடியாததால், ஒத்திவைத்தார்கள். ஐந்தாம் வாரம் விலகிய மாணவருக்கு ஆசிரியை இருமுறை மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வரவில்லை.